காசா, பேட்டரியா? எக்ஸ்ரே நிழலைப் படிக்கலாம், வாங்க!

எக்ஸ்ரே சென்டரில் அந்தப் பெரிய கவரைக் கையில் கொடுத்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? பிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பதுதான்! வீடே கூடி எட்டிப் பார்க்கும். "இதோ, இங்கே வெள்ளையா இருக்கே... இதுதான் சளியா?" என்பார் அம்மா. "அது எலும்பும்மா!" என்பான் பிளஸ் டூ படிக்கிற பையன். "எதுவா இருந்தா என்ன, நல்லபடியா இருந்தா சரி" என்று முடித்து வைப்பார் பாட்டி. இப்போது பல இடங்களில் பிலிமுக்குப் பதிலாக செல்போனுக்கே படம் வந்துவிடுகிறது. ஆளாளுக்கு அர்த்தம் சொல்வது மட்டும் மாறவில்லை!

பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். காது, மூக்கு, தொண்டை விஷயத்தில் எக்ஸ்ரே ஒரு விசித்திரமான சாட்சி. சில நேரம் ஒன்றுமில்லாததைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்தும். சில நேரம் ஆபத்து உள்ளே இருக்கும்போதே "ஒண்ணுமில்லை" என்று சாதிக்கும். இன்னும் சில நேரம், ஒரு மெல்லிய கோட்டைக் காட்டி "இப்பவே ஓடு!" என்று அலறும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பாடம். படித்துவிட்டு நீங்களே வைத்தியம் செய்துகொள்வதற்கு அல்ல. டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு.

முதலில் அ, ஆ, இ...

1895 நவம்பர் 8-ம் தேதி. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ராண்ட்ஜன், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரைத் தன் சோதனைச்சாலையில் கண்டுபிடித்தார். இன்ன கதிர் என்று புரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதே வருடம் டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். சதை மங்கலாகவும், எலும்பு தெளிவாகவும், விரலில் போட்டிருந்த மோதிரம் எல்லாவற்றையும் விட அழுத்தமாகவும் விழுந்தது. இன்றைக்கு வரைக்கும் எக்ஸ்ரேயின் இலக்கணம் அதுதான்.

கதிரைத் தடுக்கிற பொருள் வெள்ளையாகத் தெரியும். கதிரைத் தாராளமாக விட்டுவிடுகிற பொருள் கறுப்பாகத் தெரியும். ஐந்து நிறங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

காற்று - கறுப்பு.
கொழுப்பு - கருஞ்சாம்பல்.
சதை, தண்ணீர், சளி, சீழ், ரத்தம் - சாம்பல்.
எலும்பு, பல் - வெள்ளை.
உலோகம் - பளீர் வெள்ளை.

மூன்றாவது வரியை இன்னொரு தடவை படியுங்கள். சதை, சளி, சீழ், ரத்தம் எல்லாமே ஒரே சாம்பல்! அதாவது, "இங்கே காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது" என்று மட்டும்தான் எக்ஸ்ரே சொல்லும். அது ஜலதோஷச் சளியா, சீழா, வீங்கிய சவ்வா, சதை வளர்ச்சியா என்று பெயர் சொல்லாது. பெயர் சொல்ல வேண்டியது டாக்டர். நீங்கள் சொல்லும் விவரம், அவர் கருவியை வைத்துப் பார்ப்பது, இந்தப் படம் மூன்றையும் சேர்த்துத்தான் அவர் முடிவுக்கு வருகிறார்.

இன்னொன்று. முகம் என்பது உருண்டையான சமாச்சாரம். பிலிம் தட்டை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். அதனால்தான் "முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டில ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்கிறார் டாக்டர். காசு பிடுங்க அல்ல!

"சைனஸ் முழுக்க சளி கட்டியிருக்கு!"

இ.என்.டி. எக்ஸ்ரேக்களில் அதிகம் கேள்விப்படுவது இதுதான். தாடையை உயர்த்தி, மூக்கையும் மோவாயையும் தட்டில் ஒட்ட வைத்து ஒரு படம் எடுப்பார்களே, அதுதான் சைனஸ் படம். கன்ன எலும்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள் இருக்கும். நெற்றியில் புருவத்துக்கு மேலே இரண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், மண்டையின் அடியில் இன்னும் இரண்டு.

படத்தில் முதலில் கண்குழியைப் பாருங்கள். அதற்குக் கீழே கன்னத்துப் பையைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் பைக்குள் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கன்னப் பை மட்டும் வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ'வைப் பார்த்து உடனே பதற வேண்டாம்.

1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பெரியவர்களுக்கு, சளி ஆரம்பித்த சில நாட்களுக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் தெரிந்தது! இரண்டு வாரம் போல் கழித்து அவர்களில் 14 பேருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, 11 பேருக்கு அது மறைந்திருந்தது அல்லது நன்றாகக் குறைந்திருந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கவில்லை. தானாகவே!

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜலதோஷம் பிடித்த சமயத்தில் யாரைப் படம் எடுத்தாலும் சைனஸ் மங்கலாகத் தெரிய வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தை மட்டும் வைத்து "சைனஸ் வந்துடுச்சு" என்று முத்திரை குத்தவும் கூடாது, மாத்திரை விழுங்கவும் கூடாது. இதனால்தான், சிக்கல் இல்லாத திடீர் சைனஸ் தொந்தரவுக்கு எக்ஸ்ரேயே தேவையில்லை என்று இன்றைய மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன.

அப்படியானால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? நாள் கணக்கை வைத்து. சளி 10 நாளுக்கு மேலும் குறையவே இல்லையா? குறைந்த மாதிரி இருந்து மறுபடி காய்ச்சலும் வலியுமாகக் கிளம்புகிறதா? ஆரம்பத்திலேயே கடும் காய்ச்சலும், முகத்தில் வலியும், சீழ் போன்ற சளியும் தொடர்ந்து சில நாள் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியா மீது சந்தேகம் வரும்.

இந்தப் படத்தில் சில குறிப்புகள் மட்டும் நிஜமாகவே உபயோகமானவை.

படுக்கைவாட்டில் நேர்கோடு: டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றினால் மேல்மட்டம் நேர்கோடாக இருக்குமல்லவா? அதே மாதிரி கன்னப் பையில் மேலே கறுப்பு, கீழே சாம்பல், நடுவே நேர்கோடு தெரிந்தால், உள்ளே திரவம் தேங்கி இருக்கிறது. நிற்க வைத்தோ உட்கார வைத்தோ எடுத்தால்தான் இந்தக் கோடு விழும். படுக்க வைத்து எடுத்த படத்தில் தேடிப் பிரயோசனம் இல்லை.

அடியில் ஒரு சின்ன மேடு: கன்னப் பையின் தரையில் பணியாரம் கவிழ்த்த மாதிரி ஒரு வளைவான நிழல். பல பேருக்குத் தற்செயலாகத் தெரிகிற சின்ன நீர்க்கட்டி இது. தொந்தரவு தராதவரை பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு பக்கம் மட்டும் வெள்ளை: இதுதான் கவனிக்க வேண்டியது. ஜலதோஷம் பொதுவாக இரண்டு பக்கத்தையும் தொடும். ஒரே பக்கம் மட்டும் மாதக்கணக்கில் மங்கலாக இருந்தால் காரணம் தேட வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. சொத்தைப் பல்லின் சீழ் அங்கே ஏறியிருக்கலாம். பூஞ்சையாக இருக்கலாம். அபூர்வமாகக் கட்டியாகவும் இருக்கலாம். கூடவே ஒரு பக்க மூக்கில் ரத்தம் கலந்த சளி, கன்னத்தில் வீக்கம், மரத்துப்போவது, மேல் பல் ஆடுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது - இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' நம்மை ஆட்டிப்படைத்தது நினைவிருக்கும். அந்த மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த நோயில் சாதாரண எக்ஸ்ரேயை நம்பிக் காத்திருக்க முடியாது. எண்டோஸ்கோப் வைத்து மூக்குக்குள் பார்க்க வேண்டும், சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முகவலியும் கண் வீக்கமும் வந்தால் இன்றைக்கும் இதே விதிதான்.

குழந்தைக்கு நெற்றி சைனஸ் எங்கே?

"டாக்டர், என் பொண்ணுக்கு நெத்தியில சைனஸே இல்லைன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு!" என்று பதறுவார்கள். பாப்பாவுக்கு வயது நாலு. பயப்பட ஒன்றுமே இல்லை. பிறக்கும்போது கன்னப் பையும் மூக்கோரத் தேன்கூடு அறைகளும் மட்டும்தான் இருக்கும், அதுவும் சின்னஞ்சிறியதாக. நெற்றிப் பை ஆறேழு வயதுக்கு மேல்தான் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். சில பேருக்குப் பெரியவர்களான பிறகும் ஒரு பக்கம் சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அது நோய் அல்ல.

இதே வயதில் அடிக்கடி எடுக்கப்படுகிற இன்னொரு படம், அடினாய்டுக்காகக் கழுத்தைப் பக்கவாட்டில் எடுப்பது. மூக்குக்குப் பின்னால், அண்ணாக்குக்கு மேலே இருக்கிற சதைதான் அடினாய்டு. பக்கவாட்டுப் படத்தில் மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் காற்றுப் பாதை, வளைந்த கறுப்புச் சுரங்கமாகத் தெரியும். மேலே பின்புறத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மேடு அந்தச் சுரங்கத்துக்குள் புடைத்துக்கொண்டிருந்தால் அதுதான் அடினாய்டு. எவ்வளவு பெரிது என்பதை விட, எவ்வளவு வழி மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆனால் குழந்தை வாயை மூடி, மூக்கால் மூச்சு இழுக்கும்போது எடுத்த படமாக இருக்க வேண்டும். அழுதாலோ விழுங்கினாலோ அண்ணாக்கு மேலே ஏறிப் பின்சுவரைத் தொட்டுவிடும். நல்ல வழி கூட அடைபட்ட மாதிரி தெரியும்! அதனால் படம் எடுக்கும்போது குழந்தை அழுதிருந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷனா இல்லையா என்பதைப் பிலிம் மட்டும் தீர்மானிக்காது. தூக்கத்தில் குறட்டையா? நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுந்திருக்கிறதா? டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா? கூப்பிட்டால் திரும்புவதில்லையா? அடினாய்டு பெரிதானால் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் சக்தி குறையும் என்பதால் இந்தக் கேள்விகள் பிலிமை விட முக்கியம்.

முள் குத்துது, படத்தில் இல்லையே?

மீன் குழம்பு சாப்பிட்டு முள் மாட்டிக்கொண்டால் நம் வீடுகளில் முதல் வைத்தியம், சோற்றை உருட்டி அப்படியே விழுங்கச் சொல்வது. தயவுசெய்து வேண்டாம். முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளும்.

பெரும்பாலான முள் டான்சிலிலோ நாக்கின் அடியிலோதான் குத்தி நிற்கும். டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பார்த்தாலே தெரியும். அங்கே இல்லாவிட்டால்தான் படம். அதிலும் மெல்லிய மீன் முள் பல சமயம் எக்ஸ்ரேயில் விழாது. ஆட்டு எலும்பு, கோழி எலும்பு நன்றாகத் தெரியும். இன்னொரு வேடிக்கை: வயதானவர்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறி, படத்தில் எலும்புத் துண்டு மாதிரியே வெள்ளைக் கோடு தெரியும். இல்லாத எலும்பைத் தேடி அலைய வைக்கும்!

அதேபோல் பல்செட். கம்பி இல்லாத அக்ரிலிக் பல்செட்டை விழுங்கிவிட்டால், அந்த பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. தாத்தாவின் பல்செட்டைக் காணோம், அவருக்கு விழுங்க முடியவில்லை என்றால், பிலிம் சுத்தமாக இருந்தாலும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பக்கவாட்டுப் படத்தில் டாக்டர் இன்னொரு இடத்தையும் பார்ப்பார். கழுத்தெலும்புக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் பட்டை ஓடும். மேல் கழுத்தில் அது ஒல்லியாக, சுமார் 7 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது தடித்திருந்தால், அல்லது அதற்குள் கறுப்பாகக் காற்றுக் குமிழி தெரிந்தால், முள்ளோ எலும்போ சுவரைக் குத்தியிருக்கிறது, சீழ் கோக்கிறது என்று சந்தேகம். முள் குத்தி ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சல், கழுத்து இறுக்கம், எச்சில் விழுங்க முடியாமை வந்தால் அது எமர்ஜென்சி.

இப்போது தலைப்புக்கு வருவோம்: காசா, பேட்டரியா?

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது. படம் எடுத்தார்கள். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே, உணவுக்குழாயின் ஆரம்பத்தில், பளீர் வெள்ளையாக ஒரு வட்டம். "காசுதான்! ஒரு ரூபாயா இருக்கும். தானா வந்துடும், வாழைப்பழம் குடுங்க" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்வார்கள்.

நில்லுங்கள். அந்த வட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள்.

காசு என்றால் முழு வட்டமும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும். பட்டன் பேட்டரி என்றால் வெளி ஓரத்தை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் தெரியும். வட்டத்துக்குள் வட்டம்! பக்கவாட்டுப் படத்தில் காசு ஒரு நேர்க்கோடு மாதிரி நிற்கும். பேட்டரியின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கொஞ்சம் குறுகலாகவும், ஓரத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி இருக்கும். மெல்லிய பேட்டரியில் இந்தப் படி சரியாகத் தெரியாமலும் போகலாம். அதனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் பேட்டரி என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? ரிமோட், எடை பார்க்கும் மெஷின், கார் சாவி இவற்றில் இருக்கும் 'சி.ஆர். 2032' பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கே அர்த்தம் உண்டு. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் கச்சிதமாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. 3 வோல்ட். ஈரமான சவ்வு பட்டதும் மின்சாரம் பாயும். பேட்டரியின் குறுகலான பக்கம், அதாவது நெகடிவ் பக்கம் படும் இடத்தில் கடுமையான காரம் உண்டாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்று கூட இல்லை. இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண் ஏற்பட்டுவிடலாம். "தீர்ந்துபோன பேட்டரிதானே" என்ற சமாதானமும் வேண்டாம். ரிமோட்டை இயக்கத் திராணி இல்லாத பேட்டரிக்கும் சதையைச் சுடத் திராணி உண்டு.

உணவுக்குழாயில் காசு என்றால், குழந்தைக்குத் தொந்தரவு இல்லாத பட்சத்தில் டாக்டர் சில மணி நேரம் பொறுத்திருந்து எடுக்கலாம். வயிற்றுக்கு இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். உணவுக்குழாயில் பேட்டரி என்றால் பொறுப்பதற்கே இடம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மயக்கம் கொடுத்து எடுத்தாக வேண்டும். இரண்டு வளையத்துக்கும் ஒரு வளையத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது:

உடனே கிளம்புங்கள். குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "பேட்டரி" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பாடு, தண்ணீர், வாழைப்பழம் எதுவும் வேண்டாம்.

ஒரே விதிவிலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். இது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் வாங்கக் கடைக்கு ஓடி நேரத்தை விடாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

அதே மாதிரி இன்னொரு பேட்டரி உங்களிடம் இருந்தால், அல்லது அட்டை இருந்தால், கையோடு எடுத்துப் போங்கள்.

பேட்டரியை எடுத்த பிறகும் கவனம் வேண்டும். புண் உள்ளுக்குள் ஆழமாகிக்கொண்டே போகலாம். நாட்கள், வாரங்கள் கழித்து ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மறுபடி ஓட வேண்டும்.

மூக்கிலோ காதிலோ பேட்டரியைப் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் விடாதீர்கள். ஈரம் கூடினால் அரிப்பும் கூடும். மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிடும்.

தெரியுமா? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் செவாலியர் ஜாக்சன் (1865-1958), நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த பொருள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார். ஊக்கு, காசு, பட்டன், பொம்மை என்று 2,374 பொருள்கள்! அந்த ஊர் மூட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன.

"படம் நார்மல்... அப்ப பயமில்லையே?"

இது அடுத்த பாடம். வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை திடீரென்று புரையேறி, முகம் சிவந்து இருமுகிறது. பத்து நிமிடத்தில் இருமல் நின்று விளையாடப் போய்விடுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால், நார்மல்!

வேர்க்கடலை, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, பிளாஸ்டிக் துண்டு எதுவுமே எக்ஸ்ரேயில் தெரியாது. அது அடைப்பதால் வரும் விளைவு மட்டும்தான் தெரியும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டால், அந்தப் பக்க நுரையீரல் மற்றதை விடக் கறுப்பாக, ஊதிப்போய்த் தெரியும். மூச்சை வெளியே விடும்போது எடுத்த படத்தில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். முழுதாக அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் வெளுத்துப்போகும். ஆரம்பத்தில் எதுவுமே தெரியாமலும் இருக்கலாம்.

ஆகவே புரையேறிய அந்த ஒரு நிமிடக் கதைதான் இங்கே பெரிய சாட்சி. அதைச் சொன்னால், படம் சுத்தமாக இருந்தாலும் டாக்டர் பிராங்கோஸ்கோப் வைத்துப் பார்க்க முடிவு செய்யலாம். சொல்லாவிட்டால், "மாறாத இருமல்", "ஆஸ்துமா", "நிமோனியா" என்று வாரக்கணக்கில் மருந்து சாப்பிடும் நிலைமை வரும். பாட்டி வீட்டில் நடந்தது, ஆயா பார்த்தது, அண்ணன் பார்த்தது எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அறைக்கே போகக் கூடாதவர்

திடீர்க் காய்ச்சல், எச்சில் வடிகிறது, விழுங்க முடியவில்லை, உட்கார்ந்து முன்னால் சாய்ந்து சிரமப்பட்டு மூச்சு விடுகிறது. இப்படி ஒரு குழந்தைக்குக் குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். பக்கவாட்டுப் படத்தில் அது கட்டைவிரல் மாதிரி தெரியும் என்று மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருக்கும். ஆனால் அந்தப் படத்துக்காக இந்தக் குழந்தையைப் படுக்க வைப்பதோ, தனியாக எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவதோ ஆபத்து. மூச்சே அடைத்துவிடலாம். முதலில் மூச்சுக்கு வழி, பிறகுதான் படம். நல்லவேளையாக, இதற்குக் காரணமான முக்கியக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசு முதலில் ஆரம்பித்தது. ஊசி அட்டவணையை விட்டுவிடாதீர்கள்.

மூக்கில் அடிபட்டாலும் படம் பெரிதாக உதவாது. மூக்கின் கீழ்ப்பாதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. கோணலாகிவிட்டதா, இரண்டு பக்கமும் மூச்சு போகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு. நடுத்தண்டில் ரத்தம் கட்டியிருந்தால் அதை அன்றைக்கே கவனிக்க வேண்டும். அதுவும் எக்ஸ்ரேயில் விழாது! காதில் நாற்றமடிக்கும் சீழ் என்றால், முதலில் காதுக்குள் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க இப்போது சி.டி. ஸ்கேன்தான்.

டாக்டரிடம் போகும்போது...

பிலிமில் பெயர், வயது, தேதி, வலது-இடது குறி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது, உங்களுக்கு இடது.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். "அப்போதும் இப்படித்தான் இருந்ததா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். செல்போனில் வந்த படம் என்றால், ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் ஒரிஜினலையே அனுப்புங்கள்.

"இந்தப் படத்தால் என் வைத்தியம் மாறுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு எக்ஸ்ரேயின் கதிர் அளவு குறைவுதான். சி.டி.யில் அதைவிடப் பல மடங்கு. குழந்தைகளுக்குக் காரணமில்லாமல் அடிக்கடி எடுக்கக் கூடாது. காரணம் இருக்கும்போது பயந்து மறுக்கவும் கூடாது.

கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், எக்ஸ்ரே அறைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்பவர் ஈய அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே ஒரு வேலை. வீட்டில் உள்ள ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, எடை மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா? இல்லாவிட்டால் நல்ல டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். மேஜை டிராயரில் உருண்டுகொண்டிருக்கும் பழைய பட்டன் பேட்டரிகளை ஒவ்வொன்றாக டேப்பில் சுற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது!